சுருட்டு: சொல்லும் சந்தையும்

பெங்களூருவில் கியூபச் சுருட்டே உயர்ந்ததென்று நண்பர்கள் வாதிடும்போதெல்லாம் எனக்குச் ‘சுருட்டு’ என்ற சொல்லே நினைவுக்கு வரும். இத்தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. திண்டுக்கல் புகையிலையும் உறையூர்த் தொழிலாளரின் கைகளும் உருவாக்கிய திருச்சிச் சுருட்டு பிரிட்டன்வரை புகழ்பெற்றிருந்தது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் அதன் சாம்பலை வைத்தே அதை இனங்காண்கிறார்.

கியூபச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். செரூட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். வேறுபாடு அமைப்போடு முடிவதில்லை. 1962இல் அமெரிக்கா விதித்த வணிகத் தடை, கியூபச் சுருட்டுக்கு ‘அரிய பொருள்’ என்ற மதிப்பையும் சேர்த்தது. திருச்சிச் சுருட்டோ பீடி, சிகரெட்டுகளின் பெருக்கத்தில் மங்கியது.

ஆகவே, ‘எது சிறந்தது?’ என்ற கேள்வி நாவின் சுவையை மட்டும் பொறுத்ததன்று. நம் விருப்பங்களையும் சந்தையின் வரலாறே வடிவமைக்கிறது. உலகம் கடன்பெற்ற சொல்லைக் கொண்டாடும் நாம், அதைச் சுற்றிய கைகளின் வரலாற்றையும் எழுத வேண்டும்.