சுற்றுலா சென்று வந்தபின் தோலில் தடிப்பா?

விடுமுறையில் மேகமலை, சுருளி அருவி என்று பிள்ளைகளுடன் போய் வருகிறோம். பிறகு உடலில் தடிப்பு வந்தால் முதலில் சாப்பாட்டைச் சந்தேகிக்கிறோம். எப்போது, எந்த இடத்தில், எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் ஓரளவு பிடிபடும்.

ஓரிரு நாளில், கழுத்திலோ முகத்திலோ கோடு இழுத்ததுபோல் எரிந்து கொப்பளித்தால், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெடரஸ் வண்டு தோலில் நசுங்கியிருக்கலாம். அது கடிப்பதில்லை, அதன் உடலிலுள்ள நச்சே தோலைப் புண்ணாக்குகிறது. பட்டவுடன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

சில வாரம் கழித்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் சிரங்காக இருக்கலாம்.

6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலியுடன் தடிப்பு வந்தால் அலட்சியம் கூடாது. புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணிகள் கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். கடித்த இடத்தில் வலியில்லாத கருப்புப் பொருக்கு காணப்படும். சிலருக்கு அது இருக்காது. தொடக்கத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தப் பொருக்கு பெரும்பாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவான இடங்களில்தான் இருக்கும். நம் பெண்கள் கூச்சத்தால் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. பெண் மருத்துவரிடம் காட்டலாம். அவர் இல்லாதபோது, சிகிச்சைக்குத் தேவையான அளவு ஆண் மருத்துவரிடம் காட்டவும் மார்க்கத்தில் அனுமதி உண்டு. எந்த ஊருக்குப் போய் வந்தோம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.