பெருந்திரள் தனிப்பயனாக்கம்

ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற பொருளை, ஆலை உற்பத்தியின் வேகத்திலும் அதை ஒட்டிய விலையிலும் செய்துதரும் முறை. செய்து வைத்ததை விற்பது என்றிருந்ததை, விற்றபின் செய்வது என்று இது மாற்றியது.

20ஆம் நூற்றாண்டின் ஆலைகள் வளர்ந்தது இதற்கு நேர் எதிரான வழியில். ஃபோர்டு நிறுவனம் 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்துவரிசையை நிறுவியது. 1914 முதல் 1925 வரை மாடல் டி கார் கறுப்பில் மட்டுமே கிடைத்தது. எல்லாம் ஒன்றுபோல் இருந்ததால்தான் விலை இறங்கியது. ஆனால், தொழில்நுட்பம் வளர வளர வகைகள் பெருகும் என்று எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லர் 1970இல் கணித்தார். 1987இல் மேலாண்மை எழுத்தாளர் ஸ்டான் டேவிஸ் இம்முறைக்குப் பெயரிட்டார். 1993இல் வெளிவந்த ஜோசப் பைனின் நூல் அதைப் பரவலாக்கியது.

அதே 1987இல் ஜப்பானில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மட்சுஷிடா குழுமத்தின் நேஷனல் பைசிக்கிள் நிறுவனம், பானசோனிக் பெயரில் அளவெடுத்து மிதிவண்டி செய்யத் தொடங்கியது. கடையில் ஒரு சோதனைச் சட்டகம் இருக்கும். வாடிக்கையாளர் அதில் ஏறி உட்கார, கடைக்காரர் இருக்கையையும் கைப்பிடியையும் நகர்த்தி அவர் உடம்புக்குப் பொருத்திப் பார்ப்பார். அளவுகள் ஃபேக்ஸில் ஆலைக்குப் போகும். அங்கே கணினி வரைபடம் தயாரிக்கும். சட்டகத்துடன் ஒட்டிய பார்கோடு, எந்தக் குழாயை எவ்வளவு வெட்டுவது, எந்த நிறம் பூசுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லும். விரும்பினால் வண்டியில் பெயரும் பொறிக்கலாம். மாதிரி, அளவு, நிறம் எல்லாம் சேர்த்தால் 1 கோடியே 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகள். வண்டி இரண்டு வாரத்தில் கைக்கு வரும். இன்னும் விரைவாகத் தர முடிந்தும், காத்திருப்பதன் இன்பத்தைக் கெடுக்க வேண்டாமென்று நிறுவனம் அந்த இடைவெளியை வைத்துக்கொண்டது.

இத்தகைய உற்பத்தியின் சூட்சுமம், வேறுபாட்டைக் கடைசிவரை தள்ளிப்போடுவது. பெனட்டன் நிறுவனம் சாயமேற்றாத நூலில் ஸ்வெட்டர் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்தபின் சாயமிட்டது. பெயின்ட் கடையில் கேட்ட நிறத்தை அங்கேயே கலக்கித் தருவதும் இதே முறைதான். வடிவமைப்பாளரின் வேலையும் இதனால் மாறியது: ஒரு பொருளை வரைவதைவிட, எதையெல்லாம் மாற்றவிடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று வரம்பு கட்டுவதே பெரிய வேலை ஆனது. விற்பனையில் டெல் நிறுவனம் வழிகாட்டியது. ஆர்டருக்கேற்பக் கணினிகளைப் பொருத்தி விற்ற அந்நிறுவனம், உதிரிபாகக்காரர்களுக்குப் பணம் கொடுக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கிவிட்டது.

எல்லாம் நிலைக்கவில்லை. 1990களின் நடுவில் லீவைஸ் தொடங்கிய அளவெடுத்த ஜீன்ஸ் சில ஆண்டுகளில் நின்றது. ஜெர்மனியின் ஆன்ஸ்பாகிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் இயந்திரங்களை நம்பி அடிடாஸ் அமைத்த ஸ்பீட்ஃபேக்டரி காலணி ஆலைகள் மூடப்படும் என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. நிறத்தையும் பெயரையும் மாற்றிக்கொள்ளும் வசதிக்காக மட்டும் எல்லாரும் அதிக விலை கொடுப்பதில்லை. உடம்போடு ஒட்டிப் பொருந்தியே ஆக வேண்டிய பொருளில் இம்முறைக்குப் பயன் அதிகம்.

காதுகேட்கும் கருவி இதற்குத் தெளிவான சான்று. காதின் அச்சைப் பார்த்துக் கையால் வார்த்துச் செதுக்கிவந்த அதன் கூட்டை, 2000க்குப் பின் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் செய்யத் தொடங்கின. 1997இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி, பல்வரிசையைச் சீராக்கும் ‘இன்விசலைன்’ உறைகளை நோயாளிக்கு நோயாளி, கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாகச் செய்கிறது. ஒவ்வோர் உறைக்கும் ஓர் அச்சு தேவை. அதை இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. அச்சே இல்லாமல் உறையை நேரடியாக அச்சிடும் தொழில்நுட்பத்துக்காக அந்நிறுவனம் வியன்னாவின் கியூபிக்யூர் நிறுவனத்தை 2024இல் வாங்கியது.