ஆறு பேர் கேட்ட இரண்டு இலாகாக்கள்

53 அங்கத்தினர் கொண்ட ஒரு சட்டசபையில் 6 இடங்களே பெற்ற கட்சியைக் குறித்து யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 1929 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த தேர்தலுக்குப் பின், ஜெர்மனியின் தூரிங்கியா ராஜ்யத்து அரசியல்வாதிகளும் கவலைப்படவில்லை. அந்த 6 இடங்களைப் பெற்றிருந்தது ஹிட்லரின் நாஜிக் கட்சி.

தூரிங்கியா ஜெர்மனியின் நடுவே, காடும் மலையும் செறிந்த ஒரு சிறு ராஜ்யம். முதல் உலக யுத்தத்தில் முடியிழந்த சில சிற்றரசுகள் ஒன்றுகூடி 1920இல் அமைத்துக்கொண்டது. தலைநகரம் வைமார். மகாகவி கதே வாழ்ந்து மறைந்த ஊர் அது. 1919இல் ஜெர்மானியக் குடியரசின் அரசியல் சட்டம் உருவானதும் அங்கேதான். அந்த ஊரிலேயே நாஜிக் கட்சியார் ஒருவர் முதன்முதலாக மந்திரியாக அமர்ந்தார். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டசபைக் கணக்கைப் பார்ப்போம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 18 இடங்கள், கம்யூனிஸ்டுகளுக்கு 6, ஜனநாயகக் கட்சிக்கு 1, ஆக 25. எதிர்ப்புறத்தில் விவசாயிகள் சங்கத்துக்கு 9, பொருளாதாரக் கட்சிக்கு 6, மக்கள் கட்சிக்கு 5, தேசியவாதிகளுக்கு 2, ஆக 22. பெரும்பான்மைக்கு வேண்டியது 27. மீதமிருந்த அறுவர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கமே தராசு தாழும்.

வேறு வழியே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அச்சமயம் பெர்லினில், மத்திய மந்திரி சபையில், சமூக ஜனநாயகக் கட்சியும் மக்கள் கட்சியும் ஒன்றாகவே வீற்றிருந்தன. வைமாரில் அது கூடவில்லை. 1923இல் சமூக ஜனநாயகக் கட்சி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து இங்கே மந்திரி சபை அமைத்ததும், மத்திய சர்க்காரின் படை உள்ளே புகுந்ததும் பலருக்கு ஆறாத பகையாய் மனத்தில் நின்றன. பழைய பகையை மறப்பதைக் காட்டிலும் புதிய ஆபத்தை ஏற்பது அவர்களுக்கு எளிதாகத் தோன்றியது.

1930 ஜனவரியில் ஹிட்லரே பேரம் பேச வைமாருக்கு வந்தார். பிரதம மந்திரி பதவியை அவர் கேட்கவில்லை. அவர் கேட்டவை இரண்டே இலாகாக்கள்: உள்நாடு, கல்வி. போலீசும் உத்தியோகஸ்தர் நியமனமும் முதலாவதில் அடங்கும். பள்ளிக்கூடம், சர்வகலாசாலை, நாடக அரங்கு, கலைக்கூடம் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். "வீட்டின் தலைவர் நீங்களே, சாவிக் கொத்தும் குழந்தைகளும் மட்டும் எங்கள் வசம் இருக்கட்டும்" என்பதற்கு ஒப்பான பேரம்!

அவ்விரண்டுக்கும் அவர் குறிப்பிட்ட ஆள் வில்ஹெல்ம் ஃபிரிக். மியூனிக் போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1923ஆம் ஆண்டுக் கலகத்தில் ஹிட்லருக்குத் துணை நின்று, ராஜத்துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவர் கையில் போலீசை ஒப்படைப்பதா என்று மக்கள் கட்சி தயங்கியது. ஹிட்லர் மூன்று நாள் தவணை கொடுத்தார். இல்லையேல் மறுதேர்தல் என்றார். மறுதேர்தல் என்ற சொல் அக்கட்சியாருக்குக் கசந்தது. ஊர்த் தொழிலதிபர்களையும் ஹிட்லர் கூட்டிப் பேசித் தம் வசமாக்கினார். ஜனவரி 23ஆம் தேதி, விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்த எர்வின் பவும் தலைமையில் மந்திரி சபை அமைந்தது. ஃபிரிக் தாம் கேட்ட இரண்டையும் பெற்றார்.

சாவிக் கொத்து என்ன செய்தது? மார்ச் மாதமே, நிர்வாகத்தை உத்தரவுகளால் மாற்றியமைக்க மந்திரி சபைக்கு விசேஷ அதிகாரம் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. பள்ளிகளில் ஓதுவதற்கென்று பகைமை மணக்கும் பிரார்த்தனைகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் மூன்றை லைப்சிக் நகரத்து உயர் நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளியது. ஜேனா சர்வகலாசாலையின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், இனக் கொள்கை பேசிய ஹான்ஸ் குந்தருக்கு அங்கே ஆசிரியர் பீடம் அளிக்கப்பட்டது. அவருடைய முதல் சொற்பொழிவைக் கேட்க ஹிட்லரே வந்து உட்கார்ந்தார். வைமார் கலைக்கூடத்திலிருந்து கிளே, காண்டின்ஸ்கி முதலியோரின் ஓவியங்கள் அகற்றப்பட்டன. நாடற்றவராயிருந்த ஹிட்லரை ஒரு சிற்றூர்ப் போலீஸ் அதிகாரியாக நியமித்து, அந்த வழியே ஜெர்மானியப் பிரஜையாக்கவும் ஃபிரிக் முயன்றார். அது அப்போது பலிக்கவில்லை. பின்னர், 1932 பிப்ரவரியில், நாஜிகள் மந்திரி சபையில் பங்கு பெற்றிருந்த பிரவுன்ஷ்வைக் என்ற மற்றொரு சிறு ராஜ்யம் உத்தியோகம் கொடுத்து அவரைப் பிரஜையாக்கியது.

கூட்டாளிகளைப் பத்திரிகைகளில் ஓயாது தூற்றியதால், 1931 ஏப்ரல் 1ஆம் தேதி மக்கள் கட்சியும் கைவிட, ஃபிரிக் பதவி இழந்தார். தவறு திருத்தப்பட்டது என்றே பலர் எண்ணினர். ஆனால் 1932 ஜூலைத் தேர்தலில் 61 இடங்களுள் 26 நாஜிகளுக்குக் கிடைத்தன. சௌக்கல் தலைமையில் அவர்களே ஆட்சி அமைத்தனர். ஃபிரிக் 1933இல் ஜெர்மனி முழுமைக்கும் உள்நாட்டு மந்திரியானார். இவ்விருவரும் 1946 அக்டோபர் 16ஆம் தேதி, நூரம்பர்க்கில், ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர்.

தூரிங்கியாவில் இந்தக் கதை மறக்கப்படவில்லை. 2020 பிப்ரவரி 5ஆம் தேதி, எர்ஃபுர்ட் நகரில் கூடிய அதன் சட்டசபையில், 90 இடங்களுள் 5 மட்டுமே பெற்றிருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த தாமஸ் கெம்மெரிஹ், தீவிர வலதுசாரிகளின் வாக்கும் சேர்ந்ததால் 45க்கு 44 என்ற கணக்கில் பிரதம மந்திரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடதுசாரிக் கட்சியின் தலைவியொருவர், வாழ்த்துக்கென வைத்திருந்த பூச்செண்டை அவர் காலடியில் போட்டுவிட்டு நடந்தார். தோல்வியுற்ற போடோ ராமலோவ் அன்றே, 1930 பிப்ரவரியில் தூரிங்கியா வெற்றியைக் குறித்து ஹிட்லர் எழுதிய கடிதத்தின் சில வரிகளை எடுத்து வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் கெம்மெரிஹ் ராஜிநாமா செய்தார்.