'லூசிபர்': ஒரு பெயரின் பொருள் வரலாறு

லூசிபர் என்றவுடன் வீழ்ந்த வானதூதனாகிய சாத்தானே நினைவுக்கு வருகிறான். 'ஒளி ஏந்துவது' என்னும் பொருளுடைய இவ்விலத்தீன் சொல் முதலில் விடிவெள்ளியையே குறித்தது. ஏசாயா 14:12இல் பாபிலோன் மன்னனின் வீழ்ச்சியை எள்ளும் பாடலில் வரும் 'ஹேலேல்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு ஈடாகப் புனித ஜெரோம் இதனை ஆண்டார். அவருக்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், ஒரிஜன் அப்பகுதியைச் சாத்தானின் வீழ்ச்சியாக விளக்கியிருந்தார். மேலைத் திருச்சபையில் அவ்விளக்கம் வேரூன்றவே, விண்மீனின் பெயர் தீயோன் பெயராயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் இதனை அறியாமை எனக் கடிந்தார். எனினும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் அச்சொல்லை மொழிபெயர்க்காது அப்படியே வைத்துக்கொண்டது.

கத்தோலிக்கரின் இலத்தீன் பாஸ்கா புகழுரையிலோ அதே சொல் கிறித்துவைக் குறிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் சார்தீனியத் தீவின் காலியரி நகர ஆயர் பெயரும் லூசிபரே. அங்கு அவர் புனிதராகப் போற்றப்படுகிறார். அன்று அப்பெயரில் இழிவு தோன்றியிருப்பின் ஓர் ஆயர் அதனைத் தாங்கியிருப்பாரா?

சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் இப்பெயர் இல்லை. பிரசங்கங்களில் ஒலிக்கும் 'லூசிபர்' தமிழ் விவிலியத்திலிருந்து வந்ததன்று. அங்கு ஏசாயாவில் வீழும் மன்னனும் 'விடிவெள்ளி'. திருவெளிப்பாடு 22:16இல் தம்மை அறிவிக்கும் இயேசுவும் 'விடிவெள்ளி'.