கடல்வழியும் வான்வழியும்

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். இன்றைய வானூர்தி இதனை நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. நிலையத்தில் இறங்கியோர் தாப்பா வழியாகக் கேமரன் மலையை அடைவதற்கும் ஏறத்தாழ அத்துணை நேரமே வேண்டும். ஆயின், அம்மலையில் தேயிலை பயிரிட வந்த முதல் தலைமுறைத் தமிழர்க்கு இத்தொலைவு எத்தகையதாய் இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் இங்குப் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடழித்துக் கன்று நடும் பணியில் தமிழர் உழைப்பு பெரும்பங்கு கொண்டது.

அந்நாளில் மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடிந்தபின் கப்பலேறினர். 1926 முதல் ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் பல நாள் பயணம் செய்து, பினாங்கிலோ சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலோ இறங்கினர். சென்னையில் புறப்பட்ட கப்பல் சிங்கப்பூர் சேர ஏறத்தாழ ஒரு வாரமாயிற்று. அதன்பின் இரயில், அதன்பின் மலைப்பாதை.

எனினும், கடலைவிடத் தொலைவை மிகுவித்தவை வேறு சில உண்டு. 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப் பயணமாக மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. 1941 இறுதியில் சப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை நீடித்த அவர்தம் ஆட்சியில் கப்பலும் கடிதமும் நின்றன. ஒரு வாரத் தொலைவு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஊரில் பெற்றோர் இறந்த செய்தி போர் முடிந்த பின்னரே வந்தடைந்த குடும்பங்களும் உண்டு. 1969ஆம் ஆண்டுக்குப் பின் வேலை உரிம விதி கடுமையாக்கப்பட்டபோது, குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் தாம் வந்த கடல்வழியே திரும்ப நேர்ந்தது. அதனால் உறவுகள் இரு கரையிலும் பிரிந்தன.

'ரஜூலா' 1973இல் ஓய்வு பெற்றது. அதன் வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு பயணிகள் கப்பற்போக்குவரத்தும் முடிவுற்றது. வான்வழி ஒன்றே எஞ்சியது. ஆயின், வானூர்திக்கு உரிய கட்டணம் தோட்டக் கூலியில் எளிதில் திரட்டக்கூடியதாய் இருக்கவில்லை. ஆகவே, நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தும் பிறந்த ஊரை மீண்டும் காணாமலே மறைந்தோர் பலர்.

பயணக் காலத்தைக் குறைத்தது பொறியியல். பயணம் செய்ய இயலுமா என்பதைத் தீர்மானித்தவை சட்டமும் போரும் கூலியுமே. வரலாறு கற்கும் மாணவர் நிலப்படத்தில் தொலைவை மட்டும் குறித்து அமைதல் போதாது. தம் பாட்டனார் எவ்வாண்டு, எக்கப்பலில், எத்துறையில் இறங்கினார் என்பதையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கப்பலில் வந்தோருள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.