காடும் உரிமையும்: ஆரபாரி உணர்த்தும் வரலாறு

காடழிவுக்குக் காரணர் காட்டை அண்டி வாழும் ஏழை மக்களே என்னுங் கூற்று, குடியேற்ற ஆட்சிக் காலந்தொட்டு அதிகார வட்டாரங்களில் வழங்கிவருவதாகும். இக்கூற்றின் வலுவின்மையை மேற்கு வங்காளத்து மிட்னாப்பூர்ப் பகுதியின் சாலமரக் காடுகள் தெளிவாகப் புலப்படுத்துகின்றன.

பிரித்தானியர் 1865ஆம், 1878ஆம் ஆண்டுகளில் இயற்றிய வனச் சட்டங்கள், இந்தியக் காடுகளில் மக்களுக்கிருந்த வழக்குரிமைகளைச் சலுகைகளாகத் தாழ்த்தின. மிட்னாப்பூரிலோ, 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ், காடுகள் பெரும்பாலும் ஜமீந்தார் வசமிருந்தன. புகையிரதப் பாதைகள் விரிவடைந்தபோது சாலமரம் சந்தைப் பண்டமாயிற்று. 1953ஆம் ஆண்டு ஜமீன்களைக் கையேற்கும் சட்டம் நிறைவேறியதன் பின்னர், காடுகள் அரசின் கைக்கு வந்தன. எனினும், உடைமையாளர் மாறினரேயன்றி உறவு மாறவில்லை. சந்தாலர் முதலிய பழங்குடியினரும் நிலமற்ற உழைப்பாளரும் விறகெடுப்பது குற்றமாகவே கருதப்பட்டது. தமக்குரியதல்லாத காட்டைக் காப்பதில் அவர்களுக்கு யாது நாட்டம் இருத்தல் கூடும்?

இந்நிலையிலேயே 1972 அளவில், ஆரபாரியில் வன அலுவலர் அஜித் குமார் பானர்ஜி புதியதொரு முயற்சியைத் தொடங்கினார். 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்கள், ஏறத்தாழ 1,272 ஹெக்டேயர் காட்டைக் காக்க உடன்பட்டன. பதிலாக அவர்களுக்கு வனவேலையும், விறகு முதலிய சிறு விளைபொருள்களும், மரவிற்பனையின் நிகர வருவாயில் 25 சதவீதமும் உறுதியளிக்கப்பட்டன. வெட்டுண்ட அடிக்கட்டையிலிருந்து மீளத் துளிர்ப்பது சாலமரத்தின் இயல்பு. தளிர்களை வெட்டுவது நின்றதும் காடு மீண்டது. அதனை மீட்டது காவலரின் தடியன்று. உழைப்புக்கும் பயனுக்குமிடையே ஏற்பட்ட புதிய தொடர்பே எனலாம்.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை மக்கள் பங்கேற்பை ஏற்றுக்கொண்டது. 1989இல் மாநில அரசும், 1990இல் மத்திய அரசும் கூட்டு வன முகாமைக்கு வழிவகுக்கும் ஆணைகளைப் பிறப்பித்தன. ஆயின் இவ்வாணைகளின் எல்லைகளும் மனங்கொள்ளத்தக்கவை. நிலம் அரசுடையதாகவே இருந்தது. பங்கு நிருவாகத்தின் அருளாகவே வழங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒருவரே உறுப்பினர் என்ற விதி நிலவிய இடங்களில் ஆடவரே குழுக்களில் அமர, விறகும் இலையும் சேகரிக்கும் பெண்கள் தடைகளின் சுமையைத் தாங்கினர்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே, காட்டைக் காக்கவும் மீளுருவாக்கவும் முகாமை செய்யவும் சமூகத்துக்குள்ள உரிமையைச் சட்டபூர்வமாக ஏற்றது. அதன்கீழ் மகாராட்டிரத்தின் மெண்டா லேகா என்னுங் கோண்டு மக்களின் கிராமம், 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேயர் காட்டின்மீது உரிமை பெற்றது. 2011இல் மூங்கிலைத் தானே விற்கும் நிலையையும் எய்தியது. இவ்வுரிமை தானாகக் கிட்டியதன்று. நெடிய போராட்டங்களின் பேறாகும்.

பங்கேற்பு என்பது அரசு வகுத்த திட்டத்துக்கு மக்களின் உழைப்பைத் திரட்டுவதாக மட்டும் அமையுமாயின், அது பழைய உறவின் புதிய வடிவமேயாகும். காட்டின் பயனை எவர் நுகர்வது, அதன் எதிர்காலத்தை எவர் தீர்மானிப்பது என்ற வினாக்களுக்கு மக்கள் சார்பான விடை காணப்படும்போதே, வனப் பாதுகாப்பு உறுதியான அடித்தளத்தைப் பெறும்.