பின்பாரம்

காரின் பின்னால் சாமான் வைக்கும் இடத்தை நாம் டிக்கி என்கிறோம். குதிரை வண்டிக் காலத்தில் வேலைக்காரர் உட்காருவதற்காகப் பின்னால் வைத்த சிறு இருக்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'மால் அரியேர்'. பின்புற டிரங்குப் பெட்டி என்று பொருள். இரண்டு சொல்லும் பழைய வண்டிகளிலிருந்து வந்தவை. இதையெல்லாம் இப்போது நான் ஏன் தோண்டுகிறேன் என்றால், சென்ற கோடையில் பாரிஸ் புறநகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பத்து நாட்கள் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. சாமானைக் காரில் எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு.

மகள் வீட்டில் மின்சாரக் கார். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி லூர்துக்குப் போவது அவர்கள் வழக்கம். வில்லியனூர் மாதாவை அறிந்த நம்மவர்களுக்கு லூர்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பாரிஸிலிருந்து 800 கி.மீ.க்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு காரின் கூரைமேல் ஒரு பெரிய பெட்டியை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள். வழக்கமாக 100 கி.மீ.க்கு 21 யூனிட் மின்சாரம் எடுக்கும் வண்டி அன்று 26 யூனிட் எடுத்தது. மழை வேறு. பொவாத்தியே தாண்டிய பிறகு மீட்டரில் 6 சதவீதம்தான் மிச்சம். போய்ச் சேர்ந்த இடத்தில் நான்கு சார்ஜரில் இரண்டு வேலை செய்யவில்லை. நள்ளிரவில், தூங்கும் பேரனோடு, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். "இனிமேல் கூரைமேல் ஒரு துரும்புகூட வைக்க மாட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை.

ஆனால் கூரைமேல் சுமை ஏற்றுவது நேற்று வந்த பழக்கமில்லை. ரயிலுக்கு முன்பு பிரான்சில் ஓடிய 'திலிழான்ஸ்' என்ற குதிரைப் பயண வண்டிகளில், பயணிகளின் மூட்டை முடிச்சுகள் கூரைமேல்தான் போகும். மேலே ஒரு தோல் விரிப்பை இழுத்துக் கட்டிவிடுவார்கள். நம் ஊரில் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போன பஸ்களின் தலையில் வாழைத்தாரும் சைக்கிளும் போனதைப் பார்த்தவர்கள்தானே நாம்! அதே கதைதான்.

முதல் மோட்டார் கார்கள் வந்தபோது சுமை கீழே இறங்கிப் பின்னால் போனது. காரணம் எளிது. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கெட்டியான கூரையே கிடையாது. அதனால் பின்புறம் ஒரு தட்டு வைத்து, அதில் டிரங்குப் பெட்டியை வாரால் கட்டினார்கள். லூயி வுய்த்தோன் 1858-இல் தட்டையான மூடி போட்ட பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு முன்பு மழைநீர் வழிய வேண்டும் என்று மூடியை வளைவாகச் செய்வார்கள். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்க முடியாது. வாரால் கட்டிய பெட்டி நாளடைவில் காரின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பெயர் மட்டும் 'மால்' என்றே நின்றுவிட்டது.

பிறகு சுமை ஏன் மறுபடி தலைக்கு ஏறியது? அதற்கு ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1936 ஜூன் 20 அன்று, லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. அந்த ஆண்டு மக்கள் 40 சதவீதம் குறைத்த கட்டணத்தில் ரயிலேறிக் கடலைப் பார்க்கப் போனார்கள். போருக்குப் பிறகு சிறிய கார்கள் வந்தன: 1946-இல் ரெனோ 4சேவே, 1948-இல் சித்ரோயன் 2சேவே. 1956-இல் விடுமுறை மூன்று வாரமானது. பாரிஸிலிருந்து லியோன், மோன்தெலிமார் வழியாக மோந்தோன் வரை போகும் 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முழுக்கச் சின்னச் சின்னக் கார்கள்.

அந்தக் கார்களில் இடம் ஏது? ரெனோ 4சேவேயில் எஞ்சின் பின்னால். முன்னால் இருந்த பெட்டியோ மிகச் சிறியது. குடும்பமே உள்ளே உட்கார்ந்துவிட்டால் மெத்தை, கூடாரம், சூட்கேஸ் எல்லாம் கூரைமேல்தான். 'கலேரி' என்ற இரும்புக் கேரியர் வீட்டுக்கு வீடு வந்தது. இன்று கூரைப் பெட்டிக்குப் பேர்போன சுவீடன் நாட்டுத் தூலே நிறுவனமும் 1942-இல் மீனவர்களுக்கு மீன்பொறி செய்து தொடங்கியதுதான். கூரைக் கேரியருக்கு வந்தது 1960-களில்.

அன்று கலேரியால் யாருக்கும் நஷ்டமில்லை. முதல் 2சேவேயின் எஞ்சின் 375 சி.சி., 9 குதிரைத் திறன். வேகம் மணிக்கு 65 கி.மீ.யைத் தாண்டாது. அந்த வேகத்தில் காற்று பெரிதாக எதிர்ப்புக் காட்டாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 90 கி.மீ.யில் இருப்பதைப் போல 130 கி.மீ.யில் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-இல் பிரெஞ்சு அதிவேகச் சாலைகளுக்கு 130 என்று வரம்பு கட்டினார்கள், இன்றும் அதுதான். பெட்ரோல் கார் ஐந்து நிமிடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். தலைச்சுமையின் செலவு கண்ணுக்குத் தெரியாது. மின்சாரக் காருக்கு அந்த வசதியில்லை. கூரைச் சுமையின் செலவு மீட்டரில் உடனே தெரிகிறது. அதனால்தான் சுமை மறுபடியும் முதுகுப் பக்கம் போகிறது. வண்டிக்குப் பின்னால், அதன் நிழலில் ஒளிந்து வரும் பெட்டியைக் காற்று அதிகம் தொடுவதில்லை.

அந்தப் பெட்டியைத் தாங்குவது ஓர் இரும்பு உருண்டை. டிரெய்லர் இழுப்பதற்காக 1930-களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உருவாக்கியது. ஐரோப்பா முழுவதும் அதன் குறுக்களவு 50 மில்லிமீட்டர். பிரெஞ்சில் இந்த இணைப்பின் பெயர் 'அத்தலாழ்'. வண்டியில் குதிரையையோ மாட்டையோ பூட்டுவதற்கும் அதே சொல்தான்.

சொல்லைக் கேட்டதும் எனக்கு நம் வண்டிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர் சும்மா ஏற்ற மாட்டார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கி, கயிறு கழுத்தை இறுக்கும். ஒரு மூட்டையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துத்தான் மாட்டை ஓட்டுவார். காரும் அப்படித்தான். பின்சக்கர அச்சிலிருந்து பாரத்தின் நடுப்பகுதி, முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியளவு பின்னால் தள்ளி இருந்தால், 70 கிலோ பாரம் முன்சக்கரங்களிலிருந்து 35 கிலோவைத் தூக்கிவிடும். பின்சக்கரங்கள் 105 கிலோ கூடுதலாகச் சுமக்கும். மழையில் பிரேக் பிடிக்கும்போது இது விளையாட்டில்லை.

மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த பெட்டியின் விளம்பரத்தில் 'கொள்ளளவு 70 கிலோ' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாங்கும் பொத்தானை அழுத்தப் போனார். நாற்பது வருடம் கோப்பு பார்த்த புத்தி, "இருங்கள் மாப்பிள்ளை" என்றேன். காருக்கு அடியில் குனிந்து, இணைப்பில் பதித்த தகட்டைப் பேரனைப் படிக்கச் சொன்னேன். உருண்டையின்மேல் இறங்கும் எடை 75 கிலோவுக்கு மேல் கூடாது என்று இருந்தது. ஆனால் தாங்குசட்டம் 20 கிலோ, பெட்டி 14 கிலோ. சாமானுக்கு மிஞ்சியது 41 கிலோதான். பெட்டி 70 கிலோ தாங்கும், உருண்டை தாங்காது!

அடுத்து 'கார்த் கிரீஸ்', அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதில் எஃப்.2 என்ற இடத்தில் மொத்தமாக அனுமதிக்கப்பட்ட எடை இருக்கும், ஜி.1 என்ற இடத்தில் வெறும் வண்டியின் எடை. 2,230-இல் 1,800 போக 430 கிலோ. பேட்டரியே கனமாக இருப்பதால் மின்சாரக் கார்களில் இந்த மிச்சத்தை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஐந்து பேரின் எடை 310. மீதி 120 கிலோவுக்குள் தாங்குசட்டம், பெட்டி, சாமான் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது. என் மனைவியின் பட்டியலில் 12 கிலோ கிரைண்டரும் 10 கிலோ இட்லி அரிசியும் இருந்தன. லூர்தில் இன்னொரு குடும்பத்தோடு வீடு எடுத்துத் தங்குகிறோம், பதினொரு பேருக்கு இட்லி வேண்டாமா என்பது அவள் கட்சி. சூட்கேஸ் இரண்டும் 28 கிலோ. எல்லாம் பெட்டியில் வைத்தால் 50 கிலோ. 9 கிலோ அதிகம். "ஒன்பது கிலோதானே அப்பா" என்றாள் மகள். சட்டத்தில் 'தானே' என்ற சொல் கிடையாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் வண்டிக்காரர் புத்திதான் கைகொடுத்தது. சூட்கேஸ்கள் மட்டும் பின்பெட்டிக்கு. அதிலும் கனமானது காரை ஒட்டி, இலேசானது வெளிப்பக்கம். கிரைண்டரும் அரிசியும் டிக்கியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி. பின்பெட்டி காரின் நம்பரையும் விளக்கையும் மறைப்பதால், இரண்டாவது நம்பர் பலகையும் விளக்கும் உள்ள தாங்குசட்டமாகப் பார்த்து வாங்கினோம். பெட்டியைச் சாய்த்தால் டிக்கி திறக்க வேண்டும் என்பது மனைவி போட்ட நிபந்தனை. அது நல்ல நிபந்தனை என்று வழியில் மூன்று முறை ஒப்புக்கொண்டேன்.

110-இல் போனோம். மீட்டர் 22 யூனிட் காட்டியது. இந்த முறை பொவாத்தியேவில் பகல் வெளிச்சத்திலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பேரன் கேட்ட ஐஸ்கிரீமையும் வாங்கிக் கொடுத்தோம்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இப்படியொரு பெட்டி வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னால், பெட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேட்காதீர்கள். உருண்டை எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.